செல்வராணியின் கை

செல்வராணி போய்விட்டாள். நேற்று காலை, அடுப்படியில் நின்றபடியே... ஹார்ட் என்கிறார்கள்.

ஆனைக்கரையில் ஏலக்காயை உலர்த்தித் தரம் பிரிக்கிற ஒரு ஸ்டோரில் நான் சூப்பர்வைசராக இருந்தபோது ஆறு வருஷம் என்னிடம் வேலை பார்த்தவள். காய் தரம் பிரிக்கிற வேலை.

போட்டோ போடலாம் என்று போனில் தேடினேன். ஓணத்துக்கு எடுத்த குரூப் போட்டோவில் ஓரமாகப் பாதி முகம் தெரிகிறது, அவ்வளவுதான்.

இந்த ஃபேஸ்புக்கில் என்னோடு வேலை பார்த்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் நல்ல மேடம். அதனால்தான் இதை இங்கேயே எழுதுகிறேன்.

சாயங்காலம் கிளம்பும்போது எல்லாரும் வாசலில் வரிசையாக நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்ட வேண்டும். காய் எதுவும் எடுத்துப் போகவில்லை என்பதற்கு. பார்க்கிறது என் வேலை.

ஒரு நாள் மழை, நல்ல குளிர். செல்வராணியின் வலது கை மூடியே இருந்தது. விரிடி என்றேன், விரிக்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்கக்கா... தன்னால விரியும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என்னிடமே கதை விடுகிறாளா? அத்தனை பேர் பார்க்க, அவள் விரல்களை ஒவ்வொன்றாக நானே பிடித்துப் பிரித்தேன்.

உள்ளே ஒன்றும் இல்லை. நகம் பதிந்த தடம் மட்டும் இருந்தது.

சாரி சொன்னேனா? இல்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மறுநாளிலிருந்து வரிசையில் கடைசியாக நிற்க ஆரம்பித்தாள். கையை மூடி மூடித் திறந்துகொண்டே இருப்பாள், தன் முறை வருவதற்குள் விரல் இளகிவிட வேண்டும் என்று... பார்த்தேன். பார்க்காத மாதிரி போனை நோண்டினேன்.

சில மாதம் கழித்துக் கோட்டயத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். மயோடோனிக் டிஸ்ட்ரோபி. அபூர்வமான பரம்பரை நோயாம். எதையாவது இறுக்கிப் பிடித்தால் தசை சட்டென்று விடாது, போகப் போக இதயத்தையும் பாதிக்கும். அவள் அப்பாவுக்கும் இருந்திருக்கிறது, அப்போது யாருக்கும் நோயின் பேர் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த சீட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள்.

"அன்னைக்கு நான் பொய் சொல்லலக்கா."

லீவு கேட்கவில்லை, லேசான வேலை கேட்கவில்லை. இதைச் சொல்லத்தான் வந்திருந்தாள்.

படித்துவிட்டு, சரி சரி, போய் வேலையைப் பாரு என்றேன். மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று நினைத்த ஜென்மம் நான். வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் தினமும் என் முன்னால் கையை விரித்துக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். உனக்கு வேண்டாம், போ என்று ஒரு நாள்கூட நான் சொல்லவில்லை.

இன்றைக்கு அவள் வீட்டுக்குப் போனேன். மகள் காவ்யா, காலேஜில் படிக்கிறாள், என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகை ஓய்ந்தது... பிடி விடவில்லை. அவள் முகம் பதறிப்போனது.

"சாரி ஆன்ட்டி... கொஞ்சம் பொறுங்க."

அந்தப் பிள்ளை என்னிடம் சாரி சொல்கிறது.

அசையாமல் நின்றேன். ஒவ்வொரு விரலாகத் தானாகவே விரிந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, செல்வராணி.

மன்னிச்சிடு. போய் வா.