கயிற்றுக்கு உள்ளே

என் மகள் பனிச்சறுக்கு ஓடுகிறாள் என்பது அவளுடைய பல்கலைக்கழக இரண்டாம் வருடத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவளாகச் சொல்லவில்லை. உடுப்புத் தோய்க்கும் மெஷினிலிருந்து உடம்போடு ஒட்டுகிற மாதிரி ஒரு நீல உடுப்பு வெளியே வந்தது. "உது என்ன, நீச்சல் உடுப்போ?" என்று கேட்டேன். "ரேஸ் சூட் அம்மா. நான் ஸ்கீ ரீமில இருக்கிறன்," என்றாள், ஏதோ லைப்ரரியில் இருக்கிறேன் என்பது போல. ரொறன்ரோவில் இத்தனை வருடம் இருந்தும் எங்களுக்குப் பனி என்றால் அள்ளிக் கொட்டுகிற சாமான். அதன் மேல் ஓடுவதற்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு அணி இருக்கும், அதில் எங்கள் வீட்டுப் பிள்ளையும் இருக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

போன பனிக்காலத்தில் நகரத்துக்கு வடக்கே ஒரு சனி, ஞாயிறு போட்டி வைத்தார்கள். பல கல்லூரிகளிலிருந்து அணிகள் வந்தன. சனிக்கிழமை மலையில், ஞாயிற்றுக்கிழமை காட்டில். மலையில் கொடிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து கீழே பாய்வார்கள். காட்டில் ஏற்றம் இறக்கம் எல்லாவற்றையும் சொந்தக் கைகால்களால் தள்ளித்தான் கடக்க வேண்டும். என் மகள் காட்டு ஓட்டக்காரி. கஷ்டமானதைத்தான் அவள் எப்போதும் தேடிப் பிடிப்பாள்.

அவள் எங்களைக் கூப்பிடவில்லை. அவளுடைய அப்பாதான் "பிள்ளை ஓடேக்க நாங்கள் நிக்காட்டி ஆர் நிக்கிறது?" என்று சொல்லி வேலைக்கு லீவு போட்டார். மகள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, வாங்கோ. ஆனா கயிறு கட்டியிருப்பினம். அதுக்குள்ள மட்டும் வராதேங்கோ, ப்ளீஸ்," என்றாள். "நாங்கள் என்ன மாடே, கயிறு பாய?" என்று நான் சிரித்தேன்.

சனிக்கிழமை எங்கள் மகள் ஓடவில்லை. அவளுடைய அணிப் பிள்ளைகளுக்காகக் கை தட்டிக்கொண்டு மலையடியில் நின்றோம். அப்போது வேறு கல்லூரிப் பெண் ஒருத்தி கொடியில் கால் தடக்கி உருண்டாள். உருண்டவள் எழும்பவில்லை. சிவப்பு ஜக்கெற் போட்ட மீட்புக்காரர்கள் அவளைச் சறுக்கு வண்டியில் கட்டிக் கீழே கொண்டுபோனார்கள். நான் ஒஷாவாவில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறேன். அங்கே யாராவது விழுந்தால் கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடவேண்டும். அன்று கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கத்தான் முடிந்தது.

ஞாயிறு காலை மகளோடு ஓடப்போகிற மற்ற இரண்டு பெண்களும் எங்களிடம் வந்து பேசினார்கள். கடைசியாக ஓடப்போகிற பிள்ளை நான் கொண்டுபோன மல்லிக்கோப்பியை வாங்கிக் குடித்துவிட்டு, இதில் என்ன போட்டீர்கள் என்று கேட்டாள். மல்லி, இஞ்சி, மிளகு என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். அவள் விழுந்து விழுந்து சிரிக்கும்படி ஏதோ பகிடியும் விட்டேன். மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக ஓடவேண்டும், என் மகள் இரண்டாவது. ஓடி வந்தவர் அடுத்தவரைக் கையால் தொட்டால் அவர் புறப்படுவார். இவர்களுடைய அணி காட்டு ஓட்டத்தில் இதுவரை ஒரு மெடலும் எடுத்ததில்லையாம். இந்த முறை மூன்றாம் இடம் கிடைக்கலாம் என்று அந்தப் பிள்ளை சொன்னபோது, என் மகள் "சொல்லாதே, சொல்லாதே" என்று அவள் வாயைப் பொத்தினாள்.

முதல் ஓட்டக்காரிகள் திரும்பி வந்தபோது நான் கழிப்பறை வரிசையில் நின்றேன். அவர்கள் வந்து முடித்ததை நான் பார்த்திருந்தால் பிறகு நடந்தது நடந்திருக்காது. ஏனென்றால் இந்த ஓட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஓடி முடித்து அடுத்தவரைத் தொட்டதும், எல்லோரும் சுருண்டு பனியில் விழுவார்கள். மூச்சு வரும்வரை அப்படியே கிடப்பார்கள். யாரும் பயப்படமாட்டார்கள். அங்கே நின்ற சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அது தெரியும். எனக்குத் தெரியாது.

நான் திரும்பி வந்து கயிற்றடியில் நின்றபோது என் மகள் காட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தாள். மூன்றாவதாக வந்தாள். அவளுக்குப் பின்னால் பச்சை உடுப்புப் பெண் ஒருத்தி ஒட்டியபடி வந்தாள். மகளுடைய அப்பா தொண்டை கிழியக் கத்தினார். மகள் கடைசிப் பிள்ளையின் முதுகைத் தொட்டாள், இரண்டு அடி தள்ளாடினாள், முகம் பனியில் படும்படி விழுந்தாள். கையும் காலும் அசையவில்லை.

"ஐயோ, என்ர பிள்ளை" என்று நான் கயிற்றுக்குக் கீழால் குனிந்து உள்ளே ஓடினேன். மகள் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "நோ, அம்மா, நோ" என்று அவள் சொன்னது கேட்டது. அதற்குள் பச்சை உடுப்புப் பெண் எனக்கு நேரே வந்துவிட்டாள். என்னை இடிக்காமல் ஒடித்துத் திரும்பினாள், தடக்கி விழுந்தாள், பனியில் ஊன்றித் தள்ளுகிற அவளுடைய கைக்கோல் முறிந்தது. அவள் எழும்பித் தன் ஆளைத் தொடுவதற்குள் எங்கள் கடைசிப் பிள்ளை காட்டுக்குள் மறைந்துவிட்டாள்.

எங்கள் அணி மூன்றாவது. பச்சை அணி கொஞ்சத் தூரத்தில் நான்காவது.

மெடல் கொடுக்க முன்னமே மகளுடைய அப்பா குடும்ப வட்ஸ்அப்பில் மகளின் படத்தைப் போட்டுவிட்டார். லண்டனிலிருந்து என் அண்ணி, யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய தம்பி, மிசிசாகாவிலிருந்து பழைய அயலவர்கள் என்று வாழ்த்து வந்து குவிந்தது. "இஞ்சருங்கோ, கொஞ்சம் பொறுத்துப் போட்டிருக்கலாமே," என்றேன். "ஏன் பொறுப்பான்? பிள்ளை ஓடித்தானே எடுத்தவள்," என்றார். மூன்று பெண்களும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். மகள் மட்டும் அடிக்கடி பச்சை அணியின் பக்கம் பார்த்தாள். அந்தப் பெண் முறிந்த கோலை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவளிடம் போய் ஒரு வார்த்தை சொல்ல எனக்குக் கால் எழும்பவில்லை.

பச்சை அணி முறைப்பாடு செய்தது. போட்டி நடுவர், மஞ்சள் மேலங்கி போட்ட ஒரு பெண்மணி, எங்களிடம் வந்தார். நான் உள்ளே வந்ததால்தான் அந்தப் பெண் விழுந்தாள் என்று சிலர் சொல்கிறார்கள், அவள் தானாகவே விழுந்த பிறகு நான் உதவிக்கு ஓடினேன் என்று வேறு சிலர் சொல்கிறார்கள், என்ன நடந்தது என்று என்னிடமே கேட்க வந்ததாகச் சொன்னார். மிக மரியாதையாகத்தான் கேட்டார்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். போனில் யாராவது எதையாவது விற்கப் பார்த்தால், கதவைத் தட்டிக் கையெழுத்துக் கேட்டால், "நோ இங்கிலிஷ்" என்று சொல்லி அனுப்பிவிடுவோம். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் செய்கிற வேலை அது. வேலையிடத்தில் டொக்டர்களோடு நாள் முழுக்க ஆங்கிலத்தில் வாதாடுகிறவள் நான். ஆனால் மூன்று பிள்ளைகளும் என்னையே பார்த்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் என் வாயில் வந்தது அதுதான்.

"சொறி. நோ இங்கிலிஷ்."

மல்லிக்கோப்பி குடித்த பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். மகளுடைய அப்பா போனைப் பார்த்தார். வெட்கமாகத்தான் இருந்தது, இருந்தும் சொன்னதை நான் திரும்ப எடுக்கவில்லை.

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்மணியிடம், தான் மொழிபெயர்ப்பதாகச் சொன்னாள். என் பக்கம் திரும்பி, ஒரு ஆங்கிலச் சொல்லும் கலக்காமல், நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். "அம்மா, அந்தப் பிள்ளை விழ முதல் நீங்கள் உள்ள வந்தனீங்களோ, விழுந்தாப் பிறகு வந்தனீங்களோ?"

அவளுக்கு விடை தெரியும். பனியில் கிடந்தபடி என்னைப் பார்த்தவள் அவள்தான். நான் தப்புவதற்கு வழி விடத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். பிள்ளைகளுடைய மெடல் என் வாய்ச்சொல்லில்தான் இருக்கிறது என்றும் நினைத்தேன்.

"விழுந்தாப் பிறகுதான். பாவம், தூக்கிவிடுவம் எண்டு போனனான்," என்றேன்.

மகள் தலையாட்டினாள். அந்தப் பெண்மணியிடம் திரும்பி, தெளிவான ஆங்கிலத்தில் சொன்னாள். "அம்மாதான் முதலில் உள்ளே வந்தாராம். அவரை இடிக்காமல் விலகப்போய்த்தான் அந்தப் பெண் விழுந்தாளாம். மன்னிப்புக் கேட்கிறார்."

ஒரு சொல் விடாமல் எனக்கு விளங்கியது. மறுப்பதென்றால் நான் ஆங்கிலத்தில்தான் மறுக்கவேண்டும். மற்ற இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி முகத்தைக் கையுறையால் துடைத்துக்கொண்டு அப்பால் போனாள்.

அந்தப் பெண்மணி எதையோ குறித்துக்கொண்டார். மூன்றாம் இடம் பச்சை அணிக்குப் போகும் என்று மகளிடம் சொன்னார். போக முன் என் முழங்கையை மெல்லத் தொட்டு, இதை ஒத்துக்கொள்ள எவ்வளவு துணிவு வேண்டும், உண்மையைச் சொன்னதற்கு உன் அம்மாவுக்கு நன்றி சொல் என்றார்.

மகள் என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"அம்மா, நீங்கள் உண்மை சொன்னதுக்கு அவ நன்றி சொல்லுறா."

அவள் சொல்லி முடிக்கும்வரை, விளங்காத ஆள் போலக் காத்திருந்துவிட்டு, நான் தலையாட்டினேன்.