வழியில் தொலைந்த ஏழு கிராம்

சோலையப்பனுக்கு ஐம்பத்து நான்கு வயது. அன்னவாசலுக்கு இங்கிட்டு, எங்கள் ஊர் விலக்கில் மளிகைக் கடை வைத்திருக்கிறான். எனக்கு மச்சான் முறை. அவன் கடைக்கு நேர் எதிரே என் பஞ்சர் கடை. இருபத்தெட்டு வருடமாக அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் டியூபுக்குக் காற்றடிக்கிறேன். அதனால் அவன் சம்சாரம் சின்னப்பிள்ளைக்குத் தெரியாத சங்கதிகூட எனக்குத் தெரியும்.

கெட்டவன் என்று சொல்ல முடியாது. கோயில் அன்னதானத்துக்கு வருடா வருடம் ஒரு மூட்டை அரிசி கொடுப்பான். அந்த மூட்டையில் எத்தனை கிலோ இருந்தது என்பதைச் சாமிதான் நிறுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

ஊருக்கே தெரிந்த விஷயம், அவன் தராசு கொஞ்சம் அவசரக்காரத் தராசு. பொருள் வந்து சேருவதற்குள் நம்பர் வந்து சேர்ந்துவிடும். அரிசி நிறுக்கப் பெரிய தராசு ஒன்று, மிளகு சீரகம் ஏலக்காய்க்கு ஒவ்வொரு கிராமாகக் காட்டும் சின்னத் தராசு ஒன்று. இரண்டும் ஒரே மெக்கானிக்கிடம் பாடம் படித்தவை. அதிகாரி வந்து அரசு முத்திரை போடுகிற நாள் மட்டும் இரண்டும் விரதம் இருக்கிற மாதிரி ஒழுக்கமாக இருக்கும். மறுநாள் பழைய புத்தி வந்துவிடும். தெரிந்தும் எல்லோரும் அங்கேயே வாங்கினோம். காரணம், சோலையப்பன் கடனாகக் கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டான், கேள்வி கேட்டால் சிரித்துவிடுவான்.

விடாமல் கேட்டவர் ஒருவர்தான். பிரகதாம்பாள் அக்கா. முப்பது வருடம் சத்துணவுக்கூடத்தில் சமையல் செய்தவர். பருப்பைக் கையில் அள்ளினாலே எத்தனை கிராம் என்று சொல்லிவிடுவார்.

"சோலை, நீ குடுக்குற ஒரு கிலோ எங்க வீட்டு டப்பாவுல மட்டும் கழுத்து வரைக்கும்தான் வருது. அது என்னப்பா?"

"டப்பா வளர்ந்துருக்கும்க்கா" என்பான் இவன்.

இந்த மனிதனிடம்தான் போன ஆடி மாதம் ஒரு ஜெர்பில் வந்து சேர்ந்தது.

ஜெர்பில் என்றால் எலிதான். ஆனால் எலி என்று சொன்னால் சோலையப்பன் மகள் இலக்கியாவுக்குக் கோபம் வரும். வாலில் முடி இருக்கும், பின்னங்காலில் நின்றுகொண்டு முன்னங்கைகளைக் கூப்பியபடி நம்மைப் பார்க்கும், வார்டு மெம்பர் ஓட்டுக் கேட்கிற மாதிரி. திருச்சியில் ஒரு கடையில் வாங்கி, முந்திரி என்று பேர் வைத்து வளர்த்தாள். நர்சிங் படிக்கக் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போகும்போது அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அம்மாவ நம்பி விடமாட்டேன்ப்பா. மொளகாப்பொடிய மாத்திப் போட்டுரும். நீங்கதான் பாத்துக்கணும். வாரா வாரம் நிறுத்துப் பாருங்க. எடை கொறைஞ்சா அதுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு அர்த்தம்."

இவன் தலையை ஆட்டினான். மகளுக்கு ஒன்று சொன்னால் மறுக்கமாட்டான். கண்ணாடித் தொட்டியோடு முந்திரியைக் கடைக்கே கொண்டுவந்து, கல்லாவுக்குப் பின்னால் புளிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷட்டரை அரை மட்டம் தூக்கிவிட்டு, மிளகுத் தராசில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்து நம்பரைப் பூஜ்யமாக்கி, அதற்குள் முந்திரியை விட்டு நிறுப்பான். நம்பரை போட்டோ பிடித்து மகளுக்கு அனுப்புவான். எண்பது. மகள் மூன்று இதயம் அனுப்புவாள். ஊரில் யாருக்கும் அந்தத் தராசில் எலி ஏறி இறங்கியது தெரியாது. எனக்குத் தெரியும். அந்த வாரத்திலிருந்து நான் மிளகை அன்னவாசலில் வாங்க ஆரம்பித்தேன்.

பிரச்சினை சத்தத்தில் வந்தது. ஜெர்பிலுக்கு எதையாவது கடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இலக்கியா தொட்டிக்குள் ஒரு மரவீடு, அட்டைச் சுருள், தென்னங்குச்சி எல்லாம் வைத்திருந்தாள். மத்தியானம் கடையில் சனம் நிற்கும்போது உள்ளேயிருந்து கறுக் கறுக் கறுக் என்று சத்தம் வரும். சீனி வாங்க வந்த ஒரு அம்மாள் காதைத் தீட்டினாள்.

"அண்ணே, மூட்டைக்குள்ள எலி ஓடுதாண்ணே?"

"இல்லம்மா, அது நம்ம வீட்டு எலி."

அவள் சீனியை வாங்காமலே போய்விட்டாள். மளிகைக்காரன் சொல்லக் கூடாத பதில் அது. சத்துணவு அக்கா காதுக்கு இது போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்தவுடனே சோலையப்பனுக்கு வேர்த்துவிட்டது. அன்றைக்கே மரவீட்டை எடுத்தான், அட்டையை எடுத்தான், குச்சியை எடுத்தான். பதிலுக்குப் பழைய சேலையைக் கிழித்து மெத்தை போட்டான். சாப்பாடும் சத்தம் வராத சாப்பாடாக மாறியது. பொட்டுக்கடலை மாவு, பாலில் நனைத்த ரொட்டி, தோல் உரித்த ஆப்பிள். மாப்பிள்ளை வீட்டார்கூட இவ்வளவு மென்மையான விருந்து சாப்பிட்டதில்லை.

இரண்டு மாதம் கடை அமைதியாக இருந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தராசு எழுபத்தேழு காட்டியது. அடுத்த வாரம் எழுபத்து நாலு. சோலையப்பன் மகளுக்குப் பழைய போட்டோவையே திருப்பி அனுப்பினான். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை எழுபது. தொட்டியில் சாப்பாடு வைத்தது வைத்தபடி இருந்தது. முந்திரி ரொட்டியை வாய்க்குக் கொண்டுபோகும், திரும்ப வைத்துவிடும்.

சின்னப்பிள்ளை கடை வாசலில் நின்று என்னிடம் சொன்னாள்: "எனக்குக் காய்ச்சல்னா அட்டையில ஒரு மாத்திரையக் கிழிச்சுக் குடுத்துட்டுப் போவாரு. அதுக்கு மடியில வச்சு ஊட்டுறாரு, அண்ணே. அடுத்த பிறவியில நான் எலியாத்தான் பொறக்கணும்."

சோலையப்பன் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கும் விஷயம் தீவிரம் என்று புரிந்தது.

"மாப்ளே, வண்டிய எடு. புதுக்கோட்டைக்குப் போவோம். செத்துக்கித்துப் போச்சுன்னா அந்தப் புள்ள என் மூஞ்சியில முழிக்காது."

என் மொபெட்டில் அவன் பின்னால் உட்கார்ந்துகொண்டு டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். மூடியில் காற்றுக்கு ஓட்டை போட்டுக் கொடுத்தது நான்தான், தொழில் அது. வேகத்தடை ஒவ்வொன்றிலும் என் முதுகில் குத்தினான். "மெதுவா போ மாப்ளே, அதுக்குக் கொடலு கலங்கும்." என் குடலைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை.

டவுனில் நாய் பூனைக்கென்றே ஒரு தனியார் ஆஸ்பத்திரி. டாக்டர் சரண்யா என்று ஒரு சின்னப் பெண். காத்திருக்கிற இடமும் பார்க்கிற இடமும் ஒரே கூடம்தான், நடுவில் ஒரு மேசை. உள்ளே நுழைந்ததும் சோலையப்பன் கால் பின்வாங்கியது. பெஞ்சில் பிரகதாம்பாள் அக்கா உட்கார்ந்திருந்தார். மடியில் நாய்க்குட்டி.

"அடடே சோலை! நீ எங்கப்பா இங்கிட்டு? கையில என்ன, பருப்பா?"

"எலிக்கா" என்றேன் நான். இதில் மறைக்க என்ன இருக்கிறது.

டாக்டரம்மா முந்திரியைத் தூக்கிப் பார்த்தார். "எப்ப இருந்து சாப்பிடல? எடை எதாச்சும் பாத்து வச்சிருக்கீங்களா?"

சோலையப்பன் நெஞ்சை நிமிர்த்தினான். இந்தக் கேள்விக்குத் தயாராக வந்திருந்தான். "வாரா வாரம் பாத்துருக்கேன்ங்க. மூணு வாரத்துக்கு முன்னாடி எண்பது. அப்பறம் எழுபத்தேழு, எழுபத்து நாலு. இன்னைக்குக் காலையில கெளம்பும்போது எழுபது."

"சூப்பருங்க. இப்படித்தான் எல்லாரும் எழுதி வைக்கணும்" என்றபடி டாக்டரம்மா தன் தராசில் வைத்தார்.

அறுபத்து மூன்று.

டாக்டரம்மா எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். அறுபத்து மூன்றுதான்.

"காலையில எழுபதுன்னீங்க. எத்தனை மணிக்கு?"

"இப்பத்தான்ங்க, ஒரு மணி நேரம் ஆகல."

"ஒரு மணி நேரத்துல ஏழு கிராம் எங்கங்க போச்சு?"

சோலையப்பன் என்னைப் பார்த்தான். நான் சுவரில் இருந்த பூனைப் படத்தைப் பார்த்தேன்.

"வண்டியில வரும்போது ஒண்ணுக்குப் போயிருச்சுங்க."

"ஏழு கிராமா? இது ஜெர்பிலா, எருமையாங்க?"

பெஞ்சிலிருந்து ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. அக்கா நாய்க்குட்டியின் காதைச் சொறிந்தபடி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

டாக்டரம்மா முந்திரியின் வாயை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். எங்களையும் பார்க்கச் சொன்னார். கீழ்ப்பல் இரண்டும் வளர்ந்து வளைந்து மேல் அண்ணத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. "இதுக்குப் பல்லு வளந்துக்கிட்டே இருக்கும். மரத்தையோ அட்டையையோ கடிச்சாத்தான் தேயும். கடிக்க எதுவும் குடுக்கலையா?"

"சத்தம் வருதுன்னு..." என்று இழுத்தான்.

"அதான் வாய மூட முடியாம, பசியோட உக்காந்திருக்கு. பல்ல வெட்டி விட்டாச் சரியாயிரும். லேசா மயக்கம் குடுத்துத்தான் வெட்டணும். ஆனா ஒரு சிக்கல். எண்பதுல இருந்து அறுபத்து மூணுன்னா உடம்புல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல போயிருச்சு. அதுலயும் இன்னைக்கு ஒரு மணி நேரத்துல ஏழு கிராம்னா உள்ள வேற என்னமோ பெருசா இருக்கு. இந்த நெலமையில மயக்கம் தாங்காது. வெட்டாம விட்டா ரெண்டு நாளைக்கு மேல இருக்காது. நீங்க சொல்ற நம்பர் சரிதானான்னு நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

சோலையப்பன் கண் டப்பாவுக்குப் போனது, அக்காவிடம் போனது, திரும்ப டப்பாவுக்கு வந்தது. இருபத்தெட்டு வருடம் சிரித்தே சமாளித்த வாய். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

குனிந்து, மெதுவாகச் சொன்னான்: "நம்பர் தப்புங்க."

"எப்படித் தப்பு?"

"என் தராசு... கொஞ்சம் கூடக் காட்டும்ங்க."

"கொஞ்சம்னா?"

"தொண்ணூறு வச்சா நூறு காட்டும்."

"அதெப்படிங்க அவ்வளவு கரெக்டாத் தெரியும்?"

"வச்சதே நாந்தான்ங்க."

பிரகதாம்பாள் அக்கா இதற்குச் சத்தம் போடுவார், செருப்பைத் தேடுவார் என்று நான் ஒதுங்கி நின்றேன். அவரோ கண்ணை மூடி விரல் விட்டு எண்ணினார். "எண்பதுன்னா எழுபத்து ரெண்டு. எழுபதுன்னா அறுபத்து மூணு. கணக்குச் சரியாத்தான் வருது டாக்டரம்மா. வழியில எதுவும் தொலையல." பிறகு சோலையப்பனிடம் திரும்பினார். "டப்பா வளர்ந்துருச்சுன்னு சொன்னேல்ல?"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒன்பது கிராம்தான் குறைந்திருக்கிறது, மயக்கம் கொடுக்கலாம் என்றார். கால் மணி நேரத்தில் பல்லை வெட்டிவிட்டார். அந்தக் கால் மணி நேரமும் சோலையப்பன் வாசல்படியில் உட்கார்ந்து தன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். முந்திரி கண் விழித்துக் கையைக் கூப்பியதும்தான் எழுந்தான். டாக்டரம்மா மருந்துச் சீட்டில் 'எடை 63 கிராம்' என்று எழுதி, பதினைந்து நாள் கழித்து மறுபடி நிறுத்துப் போனில் சொல்லச் சொன்னார். கொட்டாங்கச்சி, கொய்யாக் குச்சி, முட்டை அட்டை, எது வேண்டுமானாலும் கடிக்கக் கொடுங்கள் என்றார்.

இந்தச் சேதியை நான் யாரிடமும் சொல்லவில்லை. டீக்கடையில் மட்டும்தான் சொன்னேன்.

மறுநாளே மெக்கானிக் வந்து இரண்டு தராசையும் திருத்திவிட்டுப் போனான். திருத்தினேன் என்று சோலையப்பன் சொன்னால் யார் நம்புவது? கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் "எலி எடையா, மனுசன் எடையா?" என்று கேட்டுவிட்டுத்தான் பையை நீட்டினார்கள். கல்லாவுக்குப் பின்னால் முந்திரி கொட்டாங்கச்சியைக் கறுக் கறுக் என்று கடித்துக்கொண்டிருந்தது. இப்போது அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும்தான் தெரியுமே.

பதினைந்தாவது நாள் காலை பிரகதாம்பாள் அக்கா வந்தார்.

"நூறு கிராம் மொளகு. அதுக்கு முன்னாடி எலியத் தூக்கி வையி. டாக்டர் சீட்டு எங்க?"

"அக்கா, மொளகு நிறுக்கற தராசுக்கா இது."

"இத்தன மாசம் எதுல வச்ச?"

அவன் என்னை முறைத்தான். நான் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி தேடினேன். பிறகு மனம் கேட்காமல் கையைத் துடைத்துக்கொண்டு நானும் அங்கே போய்விட்டேன்.

முந்திரியை வைத்தான். அறுபத்தொன்பது.

அக்கா சீட்டைப் பார்த்தார். அறுபத்து மூன்று. "ஆரம்பிச்சுட்டியா மறுபடியும்?"

சோலையப்பன் முகத்தில் அப்படி ஒரு பிரகாசத்தை நான் பார்த்ததே இல்லை. "அக்கா! ஆறு கிராம் ஏறிருக்குக்கா! மாப்ளே, பாருய்யா, ஆறு கிராம்!"

"இந்தக் கதையெல்லாம் வேணாம்" என்று அக்கா இடுப்புப் பையிலிருந்து ஒரு நூறு கிராம் எடைக்கல்லை எடுத்தார். சத்துணவுக்கூடத்திலிருந்து அவர் ஓய்வு பெற்றபோது அதுவும் கூடவே ஓய்வு பெற்று வந்துவிட்டது போலிருக்கிறது. தட்டில் வைத்தார். நூறு. எடுத்துத் திருப்பி வைத்தார். நூறுதான். குனிந்து முந்திரியை வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப நெசமாவே சதை போட்டுருக்கு" என்றார். எனக்கென்னவோ அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் மாதிரித் தெரிந்தது.

சோலையப்பன் போட்டோ பிடித்து மகளுக்கு அனுப்பினான். சந்தோஷத்தில் ஒன்றை மறந்துவிட்டான். அனுப்பிய மூச்சில் போன் அடித்தது. ஸ்பீக்கர் தேவையே இல்லை, இலக்கியா குரல் என் கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

"அப்பா! அறுபத்தொம்பதா? போன வாரம் வரைக்கும் எண்பது அனுப்பிச்சீங்க! பதினோரு கிராம் கொறைஞ்சிருக்கு! என்னப்பா ஆச்சு? நான் இப்பவே பஸ்ஸேறி வாரேன்!" அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

சோலையப்பன் போனைக் கையால் பொத்திக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தான். ஆஸ்பத்திரியில்கூட அந்த முகம் இவ்வளவு வெளுக்கவில்லை. மகள் கண்ணில் அவன் ஒரு நல்ல அப்பன், அவ்வளவுதான். அவனுக்கும் அது ஒன்றுதான் இருந்தது.

"கூட்டி கீட்டி எதாவது சொல்லிரவா மாப்ளே?" என்றான் என்னிடம். பொய் சொல்ல என்னைத்தான் யோசனை கேட்பார்கள் எப்போதும்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னார்: "சொல்லுப்பா. அன்னைக்கு என்னைய வச்சுக்கிட்டே சொன்னேல்ல? ஒன் மக என்னைய விடவா மோசம்?"

அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போனான். "அழாத ஆத்தா. எலி நல்லாருக்கு. அப்பாதான் ஒண்ணு சொல்லணும்..." என்று ஆரம்பித்தது கேட்டது. அதற்கு மேல் குரல் தாழ்ந்துவிட்டது. எவ்வளவு எட்டிக் கேட்டும் எனக்கு ஒன்றும் விழவில்லை. கொட்டாங்கச்சி கடிக்கிற சத்தம்தான் கேட்டது.

அக்கா என் பக்கம் திரும்பினார். "அவன் வர நேரமாகும். நீ நிறுத்துக் குடு முத்துராஜு. தட்ட நல்லாத் தொடச்சுட்டு."

துடைத்தேன். மிளகை அள்ளிப் போட்டேன். நூற்று நான்கு காட்டியது. அவன் சார்பாக ஏதோ செய்கிற மாதிரி, இருக்கட்டும்க்கா என்று காகிதத்தை மடிக்கப் போனேன்.

அக்கா என் கையைத் தட்டிவிட்டு, இரண்டு விரலால் கொஞ்சம் மிளகைக் கிள்ளி எடுத்து மிளகு டப்பாவிலேயே திரும்பப் போட்டார். நூறு என்று வரும் வரைக்கும் போட்டார்.

"நூறுதானே கேட்டேன்" என்றார்.