எட்டாவது ஆள்

அந்தப் பொருளாதாரப் புத்தகத்தை நான் எடுத்தது தமிழுக்காக, பொருளுக்காக இல்லை. தமிழ் வித்வான் படிப்பில் எனக்கு அப்போது இரண்டாம் வருஷம். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது; எல்லாவற்றையும் எல்லோருக்கும் புரிகிற தமிழில் எழுதிவிட வேண்டும் என்று ஊரில் ஒரு வேகம். ராயபுரத்தில் எங்கள் தெருமுனைப் படிப்பகத்துக்கு யாரோ கொடுத்துவிட்டுப் போன புத்தகம் அது. மேலட்டை கிடையாது. தேவை, அளிப்பு, உழைப்பு, ஊதியம் என்று சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதியிருந்தார் அதன் ஆசிரியர். அரைப் பக்கத்துக்கு ஒரு வாக்கியம் ஓடும் பழைய உரைகளைப் படித்து நொந்து போயிருந்த எனக்கு, வெயிலில் சோடா குடித்த மாதிரி இருந்தது.

நான் என்ன படிக்கிறேன் என்பது நைனாவுக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். எட்டுப் பேர் கொண்ட ஒரு கேங். கப்பலிலிருந்து அரிசி இறங்கினாலும் கோதுமை இறங்கினாலும் அந்த எட்டுப் பேர் கிடங்குக்குச் சுமந்துபோய் அடுக்க வேண்டும். ஆளுக்கொரு பித்தளை வில்லை, அதில் ஒரு எண். காலையில் துறைமுக வாசல் கேட்டில் வில்லையைக் கொடுத்தால் அன்றைக்கு வேலைக்கு வந்ததாக அர்த்தம்.

அந்த வருஷ மழையில் நைனாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. இருமினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். இரண்டு மாசம் பாரம் தூக்கவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இரண்டு மாசம் வராதவனுக்கு இடம் நிற்காது. ஒரு இடம் காலியாகாதா என்று கேட்டுக்கு வெளியே தினமும் ஒரு கூட்டம் நிற்கும். ஆனால் நைனா கவலைப்படவில்லை. ஏனென்றால் கேங்குகளில் ஒரு வழக்கம் இருந்தது. தோள் கொடுப்பது என்று சொல்வார்கள். ஒருத்தன் படுத்துவிட்டால் அவன் வில்லையை இன்னொருத்தன் இடுப்பில் செருகிக்கொண்டு போய்த் தன்னுடையதோடு சேர்த்துக் கொடுப்பான். அவன் பங்கு மூட்டைகளை மற்ற ஏழு பேரும் பிரித்துத் தூக்குவார்கள். கூலி அவன் வீட்டுக்கு வந்துவிடும். மேஸ்திரிக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் தலையை எண்ண மாட்டார். அவரும் மூட்டை தூக்கிய காலத்தில் தோள் வாங்கியவர்தான்.

நைனாவின் வில்லையை எடுத்துப் போனவர் அடுத்த வீட்டு மாமா. அதே கேங்.

"அண்ணாத்தே, நீ கம்முனு படு. வூட்ட வுட்டு எறங்குனே, நானே உன் கால ஒடிச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் திரும்பி வரும்போது கோணி உராய்ந்து அவர் தோள் தோலுரிந்து சிவந்திருக்கும். அவர் சம்சாரம் வாசலில் உட்கார வைத்து விளக்கெண்ணெய் தடவுவார். "மெள்ள தேயேன். இன்னா, சப்பாத்தி மாவா பெசையற?" என்று மாமா கத்துவார். இதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் நான் படிப்பகத்துக்குப் போனேன்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் அங்கே நான் வாசித்துக் காட்டுவேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பாயில் உட்கார்ந்து கேட்பார்கள். மாமாவும் கேங்கில் மற்றவர்களும் தவறாமல் வருவார்கள். துறைமுகக் காண்டிராக்டரிடம் வேலை பார்த்த குமாஸ்தா ஒருவரும் வருவார். அவருக்குத் தமிழ் என்றால் உயிர். எனக்கு நல்ல குரல் என்று பத்துப் பேர் நடுவில் சொன்னவர் அவர். அதை இன்னொரு முறை கேட்பதற்காகவே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் நீட்டி முழக்கி வாசிப்பேன்.

ஒரு சனிக்கிழமை இந்தப் புத்தகத்தின் முதல் பாடத்தை எடுத்தேன். வேலையில் இருப்பதுபோலத் தெரிந்தாலும் உண்மையில் தேவைப்படாத ஆட்களைப் பற்றிய பாடம். சிலரை நீக்கிய பிறகும் விளைச்சல் குறையவில்லை என்றால் அவர்கள் உபரி. இதற்கு எங்கோ ஒரு குளிர் தேசத்துக் கோதுமை வயலை உதாரணமாகக் காட்டியிருந்தது. யாருக்கும் பிடிபடவில்லை. ஒருவர் கொட்டாவி விட்டார்.

"கோதும மூட்டதான் நமக்குத் தெரியும். வயல எவன் கண்டான்? நம்ம பக்கத்துல ஒண்ணு சொல்லு தம்பி" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

தமிழ் படிக்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. சூத்திரம் ஒன்று கண்ணில் பட்டால் எடுத்துக்காட்டுச் சொல்லாமல் அவனால் மூச்சுவிட முடியாது. வாத்தியார்கள் எங்களை அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். எடுத்துக்காட்டுப் பொருந்துகிறதா என்று மட்டும்தான் பார்ப்போம். அதைச் சொல்லலாமா கூடாதா என்று யாரும் கேட்டதில்லை. எனக்குச் சட்டென்று ஒன்று கிடைத்தது. அப்படியே பொருந்தியது.

"எங்க நைனா கேங்கையே எடுத்துக்குங்க" என்றேன். "எழுத்துல எட்டுப் பேர். இப்போ தூக்குறது ஏழு பேர். வேலை குறைஞ்சுதா? குறையலை. அப்போ அந்த எட்டாவது ஆள் இருக்காரே, அவர்தான் புத்தகம் சொல்ற உபரி."

சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாயில் ஒரு சத்தம் இல்லை. பாடம் புரிந்துவிட்டது, அதனால்தான் அமைதி என்று நினைத்தேன். மடையன்! மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து தோள் துண்டைச் சரி செய்துகொண்டார். குமாஸ்தா மட்டும், "பலே! விளக்கம்னா இது விளக்கம்" என்றார்.

அவர் கெட்டவர் என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். காதில் விழுந்ததை முதலாளியிடம் சொன்னார், அவ்வளவுதான். மேஸ்திரி எண்ணாமல் விட்ட தலைகளை எண்ணச் சொன்னார்கள். பத்துப் பதினைந்து நாளில் உத்தரவு வந்தது. இனி அந்தக் காண்டிராக்டரின் கேங்குகளில் ஏழு பேர்தான். எங்கள் கேங்கில் யாரை எடுப்பது என்று அவர்கள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நைனாவின் வில்லையைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அன்று மாமா, நைனாவின் வில்லை இல்லாத வெறும் இடுப்போடு வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்றார். விஷயத்தைச் சொன்னார். நைனா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"எவன்டா போட்டுக் குடுத்தது?"

நான் அவருக்கு வெந்நீர் எடுத்து வந்து பக்கத்தில் நின்றிருந்தேன். மாமா என் பக்கம் திரும்பவே இல்லை.

"எவனும் இல்ல அண்ணாத்தே. ஆபீஸ்ல அவுனுங்களே எண்ணிப் பாத்துகினானுங்கோ. பேஜாரு புடிச்ச பசங்கோ."

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பயமா என்றால் பயம்கூட இல்லை. வெகுநேரம் காலை மடக்கி உட்கார்ந்தால் மரத்துப் போகுமே, உடம்பு முழுக்க அப்படி ஆகியிருந்தது. டம்ளரை நைனாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டேன்.

படிப்பகத்துக்குப் போவதை நிறுத்தினேன். அந்த முதல் பாடம் மட்டும் எனக்கு மனப்பாடமாக இருந்தது. எங்காவது ஒரு தப்பு இருக்கும், கண்டுபிடித்தால் ஆசிரியர் மேல் கோபப்படலாம், கொஞ்சம் அழக்கூடச் செய்யலாம் என்று தேடினேன். தப்பே இல்லை. ஏழு பேர் எட்டுப் பேர் வேலையைச் செய்தார்கள், ஆகவே எட்டாவது ஆள் வேண்டாம். அவர்கள் அதை எப்படிச் செய்தார்கள் என்று அந்த மனிதருக்குத் தெரிய வழியில்லை. எனக்குத் தெரியும். விளக்கெண்ணெய் வாசனை வரைக்கும் தெரியும். நாளைக்குத் தான் படுத்தாலும் தன் வில்லை கேட்டுக்குப் போகும் என்ற தைரியத்தில், இரண்டு மாசத்துக்கு மட்டும் என்று பல்லைக் கடித்துத் தூக்கிய பாரம் அது. இப்போது அது தினசரிப் பாரமாகிவிட்டது. இனி ஒருத்தன் படுத்தால் ஆறு பேரால் தாங்க முடியாது. தோள் கொடுக்கிற வழக்கம் அந்த மழைக்காலத்தோடு நின்றே போயிற்று.

தை பிறந்து நைனாவுக்கு இருமல் விட்டது. கேட்டுக்கு வெளியே நிற்கும் கூட்டத்தில் அவரும் போய் நிற்கத் தொடங்கினார். சில நாள் கூப்பிடுவார்கள். பல நாள் வெயில் ஏறுவதற்குள் திரும்பி வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துக்கொள்வார்.

ஒரு சனிக்கிழமை அவரே கேட்டார். "இன்னாடா, படிப்பகத்துக்குப் போவலியா?"

"பரீட்சை வருது நைனா."

"வந்தா வரட்டும். எழுந்திரு. நானும் வரேன். இத்தினி நாளா வேலைக்கிப் போய்ட்டு வந்தா கண்ணு சொக்கிக்கினு போவும். இப்பதான் சும்மா கீறேனே. எம்புள்ள படிக்கிறத நானும் ஒரு தபா கேக்கறேன்."

போனோம். குமாஸ்தா வரவில்லை. ஏழு பேரும் பாயில் இருந்தார்கள். நைனாவைப் பார்த்ததும் நகர்ந்து முன்னால் இடம் விட்டார்கள். மாமாவின் கழுத்தை ஒட்டித் தோளில் ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு வீக்கம். படிப்பகத்துக்காரர் அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தையே எடுத்து என் கையில் கொடுத்தார்.

நைனா சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "மொதல்லேர்ந்து படி. எனக்கு ஒண்ணும் தெரியாதே" என்றார்.

முதல் பாடத்தைப் பிரித்தேன். எழுத்தெல்லாம் தெரிந்தது. பக்கத்தின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டே இருந்தேன்.

"மொத பாடம் வேணாம் அண்ணாத்தே" என்றார் மாமா. "நாங்கள்லாம் கேட்டாச்சு. ஒண்ணும் நல்லா இல்ல. ரெண்டாவதுலேர்ந்து படிக்கட்டும்."

"ஆமா, ரெண்டாவது படி தம்பி" என்றார் இன்னொருவர். மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

இரண்டாவது பாடத்தை வாசித்தேன். எதைப் பற்றி என்று இன்று நினைவில்லை. எடுத்துக்காட்டு எதுவும் நானாகச் சொல்லவில்லை. நைனா கடைசி வரை அசையாமல் கேட்டார். முடிந்ததும் பின்னால் திரும்பி அந்த ஏழு பேரையும் பார்த்தார்.

"பாத்தீங்களாடா, எம்புள்ள எப்பிடி வாசிக்கிறான்!"

ஏழு பேரும் தலையாட்டினார்கள்.