பாட்டுக்கு எழுந்து போகாதவர்

என் கணவர் இறந்த வருடம் கோடை விடுமுறையில், தன் பிள்ளைகளுக்குத் துணையாக என்னை ராஜபாளையத்தில் ஒரு தியேட்டருக்கு அனுப்பினாள் அக்கா. அதுவரை எனக்கு அழுகை வரவில்லை, பசியும்தான்.

ஏதோ ராஜகுமாரி கதை. இங்கிலீஷ் கார்ட்டூன் படம், நிமிஷத்துக்கொரு பாட்டு.

பக்கத்தில் ஓர் அம்மாள். பஞ்சாலையில் ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். தலையெல்லாம் பஞ்சுத் தூசி. மெஷின் இரைச்சலில் காது மந்தமாகி, எதிராளியின் வாயசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்கிறவர். பாட்டு வந்ததும் ஆண்கள் வழக்கம்போல பீடி பிடிக்க எழுந்து போனார்கள். அவர் முன்னால் சாய்ந்து ராஜகுமாரியின் முகத்தையே பார்த்தார்.

அவர் தோளைத் தொட்டு, திரை வெளிச்சத்தில் என் வாய் தெரியும்படி கேட்டேன்: "பாட்டு கேக்குதாக்கா?"

"இல்ல தாயி."

"பாஷையும் புரியாது. பொறவு எதுக்குப் பாக்கிய?"

"மத்த படத்துல அழுதவ, மூஞ்சியக் கழுவிட்டு வீட்டுக்குப் போயிருவா. இவ வரைஞ்சவ. இவளுக்கு வீடு ஏது? அழுதாலும் சிரிச்சாலும் நெசம். நேத்தும் பாத்தேன். செத்த நேரத்துல சிரிப்பா, பாரு."

ராஜகுமாரி சிரித்தாள். அந்த அம்மாளும் சிரித்தார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஆனால் மறுநாள் யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போனேன். படத்தை மாற்றிவிட்டிருந்தார்கள். புது போஸ்டரின் ஓரத்தில் பழையது கொஞ்சம் தெரிந்தது: ராஜகுமாரியின் வாய் மட்டும், பாதி திறந்தபடி. அவள் பாடுகிறாளா, அழுகிறாளா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மாள் இருந்தால் சொல்லியிருப்பார்.