மதிலுக்குள்ளே எத்தனை மான்?

அறுபதுகளின் தொடக்கத்தில் பெங்களூரில் நடந்தது இது. நாங்கள் ஆஸ்டின் டவுனில் குடியிருந்தோம். கண்டோன்மென்ட் பக்கம் ஒரு கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். எனக்கு வயது இருபத்து மூன்று. வாய்க்கு மட்டும் ஐம்பது என்று அம்மா சொல்வாள்.

கம்பெனி அதிகாரிகளுக்கு ஒரு கிளப் உண்டு. வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே 'ட்ரெஷர் ஹன்ட்' நடக்கும். குழந்தைகள் விளையாட்டு இல்லை, பெரியவர்கள் கார் எடுத்துக்கொண்டு ஆடுவது. ஒவ்வொரு காருக்கும் ஒரு தாள் கொடுப்பார்கள். அதில் விடுகதை மாதிரி குறிப்புகள் இருக்கும். ஒன்றை அவிழ்த்தால் எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று தெரியும், திரும்பினால் அடுத்த குறிப்புக்கான இடம் வரும். எல்லாக் குறிப்புகளையும் அவிழ்த்து, குறைந்த மைல் ஓட்டி, முடியும் இடத்துக்கு வந்து சேருகிறவர்களுக்கு வெள்ளிக் கோப்பை.

இதையெல்லாம் யோசித்து எழுதிக்கொண்டிருந்தவர் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. நான்கு வருஷம் அவர் தாள்களை டைப் அடித்தவள் நான். அவர் ஊருக்குக் கப்பல் ஏறியதும் இனி யார் செய்வது என்று பேச்சு வந்தது. "நான் செய்றேன் சார்" என்று சொல்லிவிட்டேன்.

கிளப் செக்ரெட்டரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, உனக்குக் கார் ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது சார். ஆனா ரோடெல்லாம் தெரியும்."

"சரி, பண்ணு. ஆனா ஒரு தப்பு வந்துச்சுன்னா இதோட முடிஞ்சுது. அப்புறம் நீ டைப் அடிக்கிறதோட நிறுத்திக்கணும்."

அதிகாரிகளுக்கு மட்டும் மூளை இருக்கிறது என்ற நினைப்பு அவருக்கு. எனக்கு வீம்பு ஏறிவிட்டது. மூன்று ஞாயிற்றுக்கிழமை நோட்டும் பென்சிலுமாகக் கிளம்பினேன். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்து, கண்ணில் பட்டதை எல்லாம் எழுதினேன். சில தெருக்களை நடந்தே பார்த்தேன். மூன்று முறையும் ஒரே கண்டக்டர், கன்னடக்காரர். "ஏனம்மா, சர்வே டிபார்ட்மெண்டா நீங்க?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். கார் வைத்திருப்பவர்கள் கூடவா வழி தெரியாமல் திரிய ஆசைப்படுவார்கள் என்று அவருக்கு ஒரே ஆச்சரியம்.

பதினாலு குறிப்பு தயார் செய்தேன். எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்பதாவது. பிரேசர் டவுன் போகிற வழியில் ஒரு பெரிய பங்களா, அதன் தோட்டத்தில் வறண்டுபோன நீரூற்று, அதைச் சுற்றிக் கல்லில் செதுக்கிய மான்கள். 'மதிலுக்குள்ளே எத்தனை மான் மேய்கிறதோ, அத்தனையாவது சந்தில் இடது பக்கம் திரும்பு' என்று எழுதினேன். மான்கள் ஐந்து. விதிகளும் நான் எழுதியவைதான். நாலாவது விதி: வழியில் யாரும் காரை விட்டு இறங்கக் கூடாது. இறங்கி அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டால் விளையாட்டுக்கு என்ன அர்த்தம்? ஐந்தாவது விதி: வேறொரு காரின் பின்னாலேயே போகக் கூடாது.

அந்த நாளும் வந்தது. பதினொரு கார் கிளம்பியது. முடியும் இடம் பிரேசர் டவுனில் ஓர் அதிகாரியின் வீட்டுத் தோட்டம். டீயும் வடையும் தயாராக இருக்க, நானும் செக்ரெட்டரியும் காத்திருந்தோம். நாலு மணிக்கு முதல் கார் வர வேண்டும். நாலரை ஆயிற்று. ஒரு காரையும் காணோம். செக்ரெட்டரி கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார்.

ஐந்து மணிக்குத் திடீரென்று ஹாரன் சத்தம். ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துக் கார். இறங்கியவர்கள் எல்லோருக்கும் வாயெல்லாம் பல். ஒருவர் பஸ் டிக்கெட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டே வந்தார்.

"பலே ஆளும்மா நீ. எங்களை பஸ்ல ஏற வச்சுட்டியே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மெல்ல மெல்லத்தான் விளங்கியது. ஒன்பதாவது குறிப்பில் பத்துக் காரும் மாட்டிக்கொண்டிருக்கின்றன. காரில் உட்கார்ந்து பார்த்தால் மதில்தான் தெரிகிறது, மான் தெரியவில்லை. வாசல் கேட்டிலும் தகரம் அடித்து மறைத்திருக்கிறது. அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தபோது நான் வழி பார்க்கப் போன அந்தப் பஸ் வந்து நின்றிருக்கிறது. என் கண்டக்டர் எட்டிப் பார்த்து, "அந்தம்மா இதுல உக்காந்துதான் சார் எழுதிக்கிட்டுப் போனாங்க. ஏறிப் பாருங்க, எல்லாம் தெரியும். ஆனா டிக்கெட் வாங்கணும்" என்றிருக்கிறார். கோட்டும் பட்டுப்புடவையுமாக எல்லோரும் திபுதிபுவென்று ஏறி மான்களை எண்ணியிருக்கிறார்கள். இரண்டு பேர் இறங்குவதற்குள் விசில் கொடுத்துவிட்டதால், அடுத்த ஸ்டாப்பிலிருந்து நடந்து திரும்பியிருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு ஹன்ட் நடந்ததே இல்லை என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். செக்ரெட்டரியே என் தட்டில் இன்னொரு வடை வைத்தார். கோப்பை கொடுத்தாயிற்று, கைதட்டியாயிற்று.

நான் வாயைத் திறக்கவில்லை. தானாக வந்த பெயர், வந்துவிட்டுப் போகட்டுமே என்று இருந்தேன்.

அப்போதுதான் பதினோராவது கார் வந்தது. ஸ்டோர்ஸ் அதிகாரியும் அவர் மனைவியும். வண்டி முன்பக்கம் புகை கக்கிக்கொண்டிருந்தது. அடுத்த குறிப்புக்கான இடம் எதில் இருக்கிறது என்று அவர் ஒவ்வொரு சந்தாக உள்ளே போய்ப் பார்த்துத் திரும்பி, ஐந்தாவதைக் கண்டுபிடித்து வந்திருக்கிறார்.

"என்ன சார், பஸ்ல ஏற வெக்கமா?" என்றார் ஒருவர்.

அவர் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார். "காரை விட்டு இறங்கக் கூடாதுன்னு நாலாவது ரூல் இருக்கே."

"எங்க பின்னாடியாவது வந்திருக்கலாமே."

"அது அஞ்சாவது ரூல்."

தோட்டமே சிரித்தது. ஒருத்தர் 'மிஸ்டர் ரூல்' என்று பெயரே வைத்துவிட்டார். அந்த மனிதர் தாளை நான்காக மடித்து மறுபடி பையில் வைத்துக்கொண்டார். அவர் மனைவி முந்தானை நுனியைத் திருகியபடி தரையைப் பார்த்து நின்றாள். அந்த அம்மாள் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்துவிட்டேன். தட்டைக் கீழே வைத்தேன். நான் எழுதியதை எழுதியபடி மதித்த ஒரே மனிதர், என்னால் இத்தனை பேர் முன்னால் கோமாளியாகி நிற்கிறார். சொன்னால் இனிமேல் என்னைச் சேர்க்க மாட்டார்கள். சொல்லாவிட்டால் நான் என்ன மனுஷி?

எழுந்து நின்றேன்.

"எல்லாரும் மன்னிக்கணும். பஸ் என்னோட ஐடியா இல்ல. அந்த மான் குறிப்பு என் தப்பு. நான் பஸ்ல உக்காந்து பார்த்து எழுதினேன். கார்ல உக்காந்தா மதில் மறைக்கும்னு எனக்குத் தெரியாது. நான் இதுவரைக்கும் கார்ல போனதே இல்ல. இந்த சார் மட்டும்தான் நான் எழுதின ரூல்படி வந்திருக்காரு."

செக்ரெட்டரி கண்ணாடியைக் கழற்றினார். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

"அப்போ கோப்பை யாருக்கும்மா? நீதானே நடத்துறே, நீயே சொல்லு" என்றார்.

"ரூல்படி இவங்களுக்குத்தான் சார்."

பத்துக் கார்க்காரர்களும் இருக்கிற இடத்தில் ஒரு டைப்பிஸ்ட் நான் தீர்ப்புச் சொன்னேன். கோப்பையை வாங்கி வைத்திருந்தவர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு எழுந்து வந்து அதை அந்த அம்மாள் கையில் கொடுத்தார். முதலில் கைதட்டியவர் 'மிஸ்டர் ரூல்' என்று பெயர் வைத்தவர்தான். அந்த அம்மாள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கணவரைப் பார்த்தாளே ஒரு பார்வை, அதை என்னால் எழுத முடியாது.

திங்கட்கிழமை காலை ஸ்டோர்ஸ் அதிகாரி எங்கள் டைப்பிங் அறைக்கே வந்தார். அதுவரை எந்த அதிகாரியும் அங்கே வந்ததில்லை, மணி அடித்து எங்களைத்தான் கூப்பிடுவார்கள். "கிளப் கமிட்டில பேசிட்டோம். அடுத்த வருஷமும் நீங்கதான். வழி பார்க்க என் வண்டியிலேயே போகலாம், என் வைஃபும் வரேன்னு சொல்றா" என்றார். 'நீங்க' என்றார் என்னை.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் நானே நடத்தினேன், ஒரு குறிப்பும் தவறவில்லை. ஆனாலும் அன்றைக்குக் கிடைத்த புகழ் என்னுடையது இல்லை, தப்பு மட்டும்தான் என்னுடையது. அதை எழுந்து நின்று கேட்டு வாங்கிக்கொண்டேன் என்ற கர்வம் எனக்கு இன்றுவரை இறங்கவில்லை.