இட்லி அக்கா எந்த ஸ்டேஷன்?

போன வருஷம், மழை பிடிக்கிறதுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பெருங்களத்தூரில் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நானும் என் தோழியும் ஆளுக்கொரு ஃபோனோடு உட்கார்ந்திருந்தோம். அவள் படம் போடுவாள், நான் வசனம் எழுதுவேன். வாராவாரம் இணையத்தில் ஒரு படக்கதை போடுகிறோம். ஞாயிறு மூன்று மணிக்கு வாசகர்களோடு எழுத்திலேயே அரட்டை. எங்கள் முகம் அவர்களுக்குத் தெரியாது.

எழுத எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சுற்றி யார் என்ன பேசினாலும் காதை அங்கே வைத்துவிடுவேன், அவ்வளவுதான். எங்கள் கதையின் நாயகி 'இட்லி அக்கா'வும் அப்படி வந்தவர்தான். நான் வேலை பார்க்கும் துணிக்கடை ஊரப்பாக்கத்தில். ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு அக்கா காலையில் தள்ளுவண்டியில் இட்லி போடுவார். "இன்னா கண்ணு, சட்னி தீந்த கிண்ணமாட்டம் மூஞ்சிய வச்சிகினு வர்ற?" என்பார். அந்த வாரமே அது கதையில் ஏறிவிடும். தோழியும் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, அவருடைய இடது புருவத்தில் இருந்த வெட்டுத் தழும்பு வரைக்கும் அப்படியே வரைந்துவிட்டாள். அவருக்கு இது எதுவுமே தெரியாது.

ஒரு பெண் பெயரில் வரும் வாசகர் ஒருவர், மாதக்கணக்காக இட்லி அக்காவை மட்டுமே புகழ்ந்துகொண்டிருந்தார். அன்றைக்கு, இவங்க நிஜமாவே இருக்காங்களா என்று கேட்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆமாம் என்றேன். அந்தத் தழும்பும் நிஜமா? ஆமாம். எந்த ஸ்டேஷன், நானும் ஒருநாள் சாப்பிடணுமே? தோழி "வேணாம்டி" என்று சொல்லி முடிப்பதற்குள் என் விரல் அடித்துவிட்டது. ஊரப்பாக்கம், காலை ஆறிலிருந்து ஒன்பது.

"ரொம்ப நன்றிங்க. ரெண்டு வருஷமா தேடிட்டிருக்கேன், ஓடிப்போனவளை."

அடுத்த நிமிஷம் ஆள் அரட்டையில் இல்லை.

எழுதியதை அழித்தேன். அழித்து என்ன, அந்தப் பெண் பெயருக்குப் பின்னால் இருந்தவன் படித்தாயிற்று. போலீஸில் சொல்லலாம் என்றால், அந்த அம்மா பெயர் என்ன, வீடு எங்கே என்று முதலில் கேட்பார்கள். ரெண்டும் எனக்குத் தெரியாது. ஒரு வருஷமாக அவர் பேச்சைத் தின்று பிழைத்தவள், பெயரைக் கேட்டதில்லை. உடனே ஓடிப்போய் ஸ்டேஷன் வாசலில் விசாரித்தோம். காலையில் வந்து போகிறவரின் வீடு யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாமல் ரெண்டு பேரும் ரயில் ஏறினோம். பெட்டியில் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒவ்வொரு ஆளும் எனக்கு அவனாகவே தெரிந்தான்.

அக்கா அப்போதுதான் முதல் ஈடு இட்லியை இறக்கியிருந்தார். உளறிக்கொட்டினேன். அவர் கத்தவில்லை. அரட்டையில் அவன் எந்தப் பெயரில் வந்தான் என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

"அது என் பொண்ணு பேரு. அவ அப்பன்தான் அது" என்றார்.

அதற்குள் எதிரே மேம்பாலப் படியில் ஒருவன் நின்றிருந்தான். ஃபோனைக் கண்ணெதிரே தூக்கிப் பிடித்து, வாசலில் நின்ற ஒவ்வொரு தள்ளுவண்டியையும் எங்கள் படத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தான். அக்காவின் கை என் மணிக்கட்டை இறுக்கியது. தோழி தன் துப்பட்டாவை அவர் தலையில் போட்டு, பக்கத்து ஆட்டோவில் ஏற்றித் தானும் ஏறினாள், தாம்பரம் மகளிர் காவல் நிலையத்துக்கு. ஏறும்போது அக்கா திரும்பினார்.

"என் பேச்சையெல்லாம் எட்துகினு போனியே கண்ணு, என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

ஆட்டோ போய்விட்டது. வண்டி அனாதையாக நின்றால் அவனுக்குப் புரிந்துவிடும். கரண்டியை நான் எடுத்தேன்.

வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி. ரொம்ப மரியாதையாகப் பேசினான். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. ரெண்டு இட்லி கேட்டான். ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். தோழி போட்ட படம், நான் எழுதிய வசனம்.

"இவங்க கடைதானே இது?"

"நான்தாங்க போடறேன். யாரோ படம் போட்டு ஊரை ஏமாத்தறாங்க."

என் புருவத்தை உற்றுப் பார்த்தான். சாம்பார் ஊற்றும்போது பாதி அவன் தட்டில், பாதி என் காலில். சுட்டது, கத்தவில்லை. நிதானமாகச் சாப்பிட்டு, கை கழுவி, "நாளைக்கும் வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

புகார் கொடுத்தபின் அக்காவும் மகளும் வேறு ஊருக்குப் போய்விட்டதாகத் தோழி சொன்னாள். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. தெரிந்தால் என் வாய் சும்மா இருக்குமா என்று எனக்கே நிச்சயமில்லை.

படங்களை எல்லாம் எடுத்துவிட்டோம். ஆனாலும் ஞாயிறு மூன்று மணிக்கு யாராவது ஒருவர், இட்லி அக்கா எங்கே என்று அன்பாகத்தான் கேட்கிறார். அந்த அன்புக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரியாத பயத்தில் என் விரல் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறது. அது நிற்கவேண்டிய அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிற்கவில்லை.