உதை நின்ற வண்டி

எங்கள் டாக்சி நிலையத்தில் ஓஸ்மோவைப் போல வாய் திறக்காத ஆள் கிடையாது. பின்லாந்தில் அது பெரிய குறையும் இல்லை. அடுத்த வண்டியில் பதினோரு வருடமாக இருந்த எனக்கே, அவர் மனைவியின் பெயர் பத்திரிகையில் வந்த இரங்கல் அறிவிப்பைப் பார்த்துத்தான் தெரிந்தது.

ஹெல்கா என்ற சிறுமியைத் தினமும் பள்ளிக்கு அழைத்துப்போவது அவர் வேலை. பதின்மூன்று வயது. பிறக்கும்போதே மூளை பாதிக்கப்பட்ட பிள்ளை. பேச்சு வராது, கழுத்தும் கைகளும் ஓயாமல் முறுக்கிக்கொண்டே இருக்கும். வலது கால் மட்டும் சொன்னபடி கேட்கும். ஓஸ்மோவின் இருக்கை முதுகில் ஓர் உதை என்றால் ஆம், இரண்டு என்றால் இல்லை. “ரேடியோ போடவா?” என்பார். இரண்டு உதை விழும். அவ்வளவுதான் அவர்கள் பேச்சு.

நவம்பரில் உதை மெலிந்தது. பிறகு நின்றேபோனது. கைகளின் முறுக்கலும் அடங்கிவிட்டது. விடியாத சாலையில் டயர் சத்தம் மட்டும். கண்ணாடியில் ஹெல்காவின் கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

“புது மருந்து வேலை செய்யுது. வீடே அமைதியா இருக்கு,” என்றாள் அம்மா இர்மெலி. பள்ளியிலும் பாராட்டினார்கள்.

“பின்னாடி ஆளே இல்லாத மாதிரி இருக்கு,” என்று ஓஸ்மோ என்னிடம் சொன்னார்.

“உங்க பக்கத்துல எனக்குப் பதினோரு வருஷமா அப்படித்தான் இருக்கு,” என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் இர்மெலி வீட்டு வாசலில் ஓஸ்மோ வண்டியைக் கிளப்பவில்லை. திரும்பி உட்கார்ந்தார்.

“ஹெல்கா, உதைக்கணும்னு நினைச்சும் கால் வரலையா? ஆமான்னா கண்ணை மூடு.”

மூடினாள். வெகுநேரம் திறக்கவில்லை.

“இது அமைதி இல்ல, இர்மெலி. பிள்ளை உள்ளதான் இருக்கா, வெளிய வர முடியல. ஏறும்மா, ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

“அவர் சொன்னது அப்போ பாதிதான் புரிஞ்சுது,” என்றாள் இர்மெலி பின்னொரு நாள் என்னிடம். “ஓஸ்மோ இவ்வளவு பேசுறாரேன்னுதான் பயந்துட்டேன்.”

வருடக்கணக்கான முறுக்கலில் கழுத்தெலும்பு நகர்ந்து தண்டுவடத்தை நெரித்துக்கொண்டிருந்தது. விட்டிருந்தால் மூச்சும் அடங்கியிருக்கும் என்றார் மருத்துவர். அறுவை சிகிச்சை செய்தார்கள். மூச்சு தப்பியது. கைகளில் அசைவு திரும்பியது. கால் வரவில்லை.

வசந்தத்தில் ஹெல்கா மறுபடி அந்த வண்டியில் ஏறினாள். ஓஸ்மோ இப்போது வாயை மூடுவதேயில்லை. பனி, மான், டீசல் விலை என்று வழியெல்லாம் பேச்சு.

“ஏன் இப்படித் தொணதொணக்கிறீங்க?” என்று கேட்டேன்.

“நிறுத்தினா நவம்பர் திரும்ப வந்துடுது.”

எவ்வளவு பேசினாலும், முதுகை மட்டும் இருக்கையோடு அழுத்தியே வைத்திருக்கிறார்.